பெண்ணின் பாகம்



இச்சொற்பொழிவுக்கென மூலதனம் வைத்தவர் ஓர் ஆசிரியை என்பதையும், அத்தொகை முழுவதும் அவர் பாடம் சொல்லி ஈட்டிய ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்ததே என்பதையும் அழைப்பிதழில் கண்டபோது, பெண்கள் அதிகாரம் பெறுவதன் பொருளைப் பற்றிப் பேசுமாறு எனக்கு இடப்பட்ட பணியை எந்த வாயில் வழியே புகுந்து நிறைவேற்றுவது என்னும் ஐயம் எனக்கு எழவே இல்லை. அவர் பெயரில் ஒரு பொருள் இருந்தது, அதை என்ன செய்வது என்று அவரே நினைத்தார், நினைத்தவாறே செய்தார், செய்யாதே என்று தடுக்கும் பாத்தியதை எவருக்கும் இருக்கவில்லை. இவையெல்லாம் ஒருங்கே வாய்த்த பெண்கள் நம் நாட்டில் மிகச் சிலரே என்பதை, மாவட்டத்து உரிமையியல் நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்குகளை நெடுங்காலம் நடத்தியவள் என்ற முறையில் நான் அறிவேன். ஆதலின் இன்று சொத்தைப் பற்றியே பேசப் போகிறேன். சொத்து என்றவுடன், இது தோப்பும் துரவும் உடையவர்களின் கவலை, நமக்கென்ன என்று எவரும் இருந்துவிட வேண்டாம். மூன்று சென்ட் மனையும் அதன்மேல் ஓர் ஓட்டு வீடும் கூடச் சொத்துத்தான். சொல்லப்போனால், அவ்வளவே உடைய குடும்பத்தில்தான் அது யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு பெண்ணின் வாழ்வையே நிர்ணயிக்கிறது.

அதிகாரம் பெறுவதற்கு வேறு வழிகளே இல்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். உண்டு. 1989-ஆம் ஆண்டு பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பின்னர்த் தமிழகமெங்கும் பரவின. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு வகுத்தது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பவள் அல்லேன். வீட்டு வாசலைத் தாண்டாத எத்தனையோ பெண்களை வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அழைத்து வந்தவை அவை. ஆயினும் குழுக் கடனை வாங்குவதற்கு அவள் பெயரும், செலவிடுவதற்குக் கணவனின் கையும், திருப்பிச் செலுத்துவதற்கு மறுபடி அவள் உழைப்புமாக முடிந்த குடும்பங்களையும், தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மற்றொரு நாற்காலி போட்டு அமர்ந்து அவள் இட வேண்டிய கையொப்பத்துக்கு இடம் சுட்டிக்காட்டும் கணவன்மாரையும் நான் கண்டிருப்பதால், கொடுக்கப்பட்ட வசதிகளை மட்டும் எண்ணிப் பார்த்து அதிகாரம் வந்துவிட்டதென்று முடிவு கட்ட எனக்கு மனம் வருவதில்லை.

நான் கொள்ளும் அளவுகோல் எளியது. தனக்கு ஒவ்வாத ஒன்றை, அது விவாகமாயினும், கணவனின் அடியாயினும், மூன்றாவது கர்ப்பமாயினும், தன் நகையை அடகு வைக்கும் யோசனையாயினும், ஒரு பெண் 'முடியாது' என்று மறுத்துச் சொன்னபின், அன்றிரவு அவள் எங்கே உறங்குவாள், மறுநாள் எதை உண்பாள், அவளுடைய குழந்தைகள் யார் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள் என்ற கேள்விகளுக்கு அச்சமில்லாத விடை அவளிடம் இருக்குமானால், அவள் அதிகாரம் உடையவள். விடை இல்லையானால், அவள் முதுகலைப் பட்டம் பெற்றவளாயினும், மாதந்தோறும் சம்பளம் வாங்குபவளாயினும், ஊராட்சித் தலைவியே ஆயினும், அவளுடைய மறுப்பு தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். மறுத்துப் பேசுவதற்குத் துணிவு வேண்டும் என்று பெண்களுக்கு உபதேசம் செய்வோர், அத்துணிவு வேர்கொள்வதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் முன்னோர் காலத்தில் பெண்களுக்குச் சொத்தே இருக்கவில்லை என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாகும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே, தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும் சேர்த்துப் பொறிக்குமாறு சோழ மன்னன் இராசராசன் ஆணையிட்டிருக்கிறான். சோழ அரசி செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளிகள் இன்றும் நிற்கின்றன. கோயிற்பெண்டுகள் பலர் விளக்கெரிக்கப் பொன்னும் ஆடும் அளித்ததை எத்தனையோ ஊர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆனால் அதே சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வேறொரு காட்சியும் உண்டு: பிராமணப் பெண் ஒருத்தி தன் நிலத்தை விற்கும்போது அவளுக்காக நின்று பேசவும் கையெழுத்திடவும் 'முதுகண்' என்ற பெயரில் ஓர் ஆண் உடன் வருகிறான். நிலம் அவளுடையது, விற்பவளும் அவளே, ஆனால் அவளுடைய சொல் தனித்து நிற்காது. அதற்கு முட்டுக்கொடுக்கத் தந்தையோ கணவனோ மகனோ சகோதரனோ வேண்டும். அந்த முதுகண் இன்றைக்கும் நம்மை விட்டுப் போகவில்லை என்பதே என் கட்சி. சட்டம் அவனைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேற்றிய வரலாற்றையும், குடும்பம் அவனைப் பின்வாசல் வழியே திரும்ப அழைத்துக்கொண்ட விதத்தையும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, ஆண்களுக்குள்ள சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்களுக்கும் சமமாக வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அன்று அதைக் கேட்டு நகைத்தவர்கள் பலர். எட்டாண்டு கழித்து, 1937-இல், மத்திய சட்டசபை நிறைவேற்றிய இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கணவனை இழந்தவளுக்கு ஒரு மகனுக்குச் சமமான பாகத்தை அளித்தது. ஆனால் அவள் உயிரோடிருக்கும் வரை அதன் வருமானத்தை அனுபவிக்கலாமேயன்றி மனம்போல் விற்கவோ, விரும்பியவர்க்கு எழுதிவைக்கவோ முடியாது. அவளுக்குப் பின் அது கணவன் வழி வாரிசுகளுக்கே திரும்பிவிடும். மகளுக்கோ அச்சட்டத்தில் இடமே இல்லை. சுதந்திரத்துக்குப் பின் இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்த டாக்டர் அம்பேத்கர், அது நாடாளுமன்றத்தில் கிடப்பிலே போடப்பட்டதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டி 1951-இல் சட்ட அமைச்சர் பதவியையே துறந்தார். ஓர் அமைச்சர் மகளிரின் சொத்துரிமைக்காகப் பதவி துறந்த நிகழ்ச்சி உலக வரலாற்றிலேயே அரிது. அந்த ஒரு செயலுக்காகவே இந்நாட்டுப் பெண்கள் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று நான் கருதுகிறேன்.

1956 ஜூன் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், விதவையின் குறையுரிமையை முழு உரிமையாக்கியது. தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பாகம் தந்தது. பூர்வீகச் சொத்தை மட்டும் அது தொடத் தயங்கியது. அந்தத் தயக்கத்தின் விலையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம், தந்தை, இரண்டு மகன்கள், ஒரு மகள், தாய் இல்லை. தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். மகன்கள் பிறப்பினாலேயே பங்குடையவர்கள் ஆதலால், முதலில் தந்தைக்கு மூன்று, மகன்களுக்கு மும்மூன்று என்று பிரித்ததாகப் பாவித்துக்கொண்டு, தந்தையின் மூன்று ஏக்கரை மட்டும் மூன்று மக்களுக்கும் பகிர்வார்கள். முடிவில் மகன்களுக்கு நான்கு நான்கு ஏக்கர், மகளுக்கு ஒன்று. அதற்கும் மேல், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, மகள் அதில் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்கவும் அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடங்கொடுக்கவில்லை.

கேரளம் 1975-இல் கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்தது; ஆந்திரம் 1980-களின் நடுவில் மகளைப் பிறப்புரிமைப் பங்காளியாக்கியது; தமிழ்நாடு 1989 மார்ச் 25-ஆம் நாளிலிருந்து அவ்வாறே செய்தது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமாகிவிட்டவளுக்கு அவ்வுரிமை இல்லை என்று ஒரு வரியும் சேர்ந்து வந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு சகோதரிகளில், அவ்வாண்டு தை மாதத்தில் தாலி கட்டிக்கொண்ட மூத்தவள் வெறுங்கையோடும், அடுத்த ஆண்டு மணமான இளையவள் அண்ணனுக்குச் சமமான பங்கோடும் நின்றார்கள். அப்படிப்பட்ட அக்காமார் பலர் என் அலுவலகப் படியேறி, "நான் என்னம்மா பாவம் செய்தேன்?" என்று கேட்டபோது சட்டப் புத்தகத்தில் அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தமே அந்த வேற்றுமையைத் துடைத்து, மணமானவள் மணமாகாதவள் என்ற பேதமின்றி நாடு முழுவதிலும் மகளைப் பிறப்பினாலேயே பங்காளியாக்கியது. 23-ஆம் பிரிவையும் நீக்கியது. தந்தை அந்நாளில் உயிரோடிருந்தாக வேண்டுமா என்று எழுந்த குழப்பத்தையும், இருக்க வேண்டியதில்லை என்று கூறி 2020 ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரிந்துபோன சொத்துகளுக்கு விலக்கு உண்டு. செங்கற்பட்டுத் தீர்மானத்திலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய 91 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவும் ஆகியும், 2015-16 ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் பயிரிடப்படும் நிலவுடைமைகளில் பெண்கள் கையில் இருந்தவை நூற்றுக்குப் பதினான்குக்கும் குறைவு. விதைப்பவளும் நடுபவளும் களையெடுப்பவளும் பெண்ணாயிருக்கும் ஒரு நாட்டில் இக்கணக்கு நம்மை உறங்கவிடக் கூடாது. சட்டம் கொடுத்தது எங்கே போயிற்று? அதற்கு விடை காண, முகூர்த்த நாளொன்றில் ஏதாவதொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, வேப்பமரத்தடியில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் போதும்.

அண்ணனும் தம்பியும் காரில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் பின்னால், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் தங்கையும் இறங்குவார்கள். பத்திர எழுத்தர் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தில், தனக்குள்ள பாகத்தை யாதொரு நிர்ப்பந்தமும் இன்றி மனப்பூர்வமாகச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகவும், இனி அதன்மேல் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லை என்றும் எழுதியிருக்கும். அதைப் படித்துக் காட்டும் வழக்கம் அரிது. படிக்கக் கேட்பது சகோதரனை நம்பாததாகும் என்று அவளே கூசுவாள். புகைப்படம் எடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள், இரண்டு சாட்சிகள் கையொப்பமிடுவார்கள். குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரமாகையால் முத்திரைத் தீர்வையும் குறைவு. திரும்பும் வழியில் நல்ல ஓட்டலில் சாப்பாடும், மறுக்க மறுக்க ஒரு பட்டுச் சேலையும் உண்டு. உச்ச நீதிமன்றம் வரை ஏறி வந்த உரிமை, காப்பிப் பொழுதுக்குள் கைமாறிவிடுகிறது. சட்டம் இதில் எங்கும் மீறப்படவில்லை என்பதுதான் இதன் துயரம்.

அவள் ஏன் கையெழுத்திடுகிறாள்? அறியாமையால் என்று சொல்வது எளிது. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பொய். கல்லூரிப் பேராசிரியைகளும் அரசு அலுவலர்களும், ஏன், என்னோடு நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் ஒருவருங்கூட இட்டிருக்கிறார்கள். தன் பங்கு எத்தனை சென்ட், சந்தையில் அதன் விலை என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவற்றினும் மேலாக மற்றொன்றும் அவளுக்குத் தெரியும். மகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார்த்திக்கொள்ளத் தாய்மாமன் வர வேண்டும். அவள் பெரியவளாகும்போது பச்சை ஓலையும் சீர்வரிசையும் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கணவன் இறந்தால் கோடிச் சேலை அங்கிருந்துதான் வர வேண்டும். என்றாவது ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வெளியேற நேர்ந்தால், போய் நிற்கக்கூடிய வாசலும் அது ஒன்றுதான். பாகம் கேட்டால் அந்த வாசல் அடைபடும் என்று யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அவள் அறிவாள். பக்கத்து வீதியில் பாகம் கேட்ட ஒருத்தியின் வீட்டுச் சடங்குக்கு யார் வரவில்லை என்பதை ஊரே கண்டிருக்கிறது. எனவே அவள் இடும் கையெழுத்து பேதைமையன்று, தியாகமுமன்று. தன் எதிர்காலப் பாதுகாப்புக்கென அவள் ஒரே தவணையில் கட்டிவிடும் காப்பீட்டுத் தொகை அது. அத்தொகை நியாயமற்றது, ஏனென்றால் அதே பாதுகாப்பைப் பெறுவதற்கு அவளுடைய சகோதரன் ஒரு காசும் கட்ட வேண்டியிருப்பதில்லை. பிறந்தவன் என்ற ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிருக்கிறது.

கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதுதான் அவள் பாகம் என்று சகோதரர்கள் சொல்வார்கள். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர். கடன்பட்டுத் தங்கையின் கல்யாணத்தை நடத்தி, பல ஆண்டுகள் வட்டி கட்டியவர்களை நான் அறிவேன். ஆயினும் அக்காலத்தில் கொடுத்த நகை எங்கே போயிற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாமனாரின் கடனுக்கும் கணவனின் கடைக்கும் நாத்தனாரின் கல்யாணத்துக்கும் அடகுக் கடைக்குப் போன நகை மீண்டு வந்த கதைகள் குறைவு. வரதட்சிணையாக எது கொடுக்கப்பட்டாலும் அது அப்பெண்ணுக்கே சேர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டமே சொல்லியிருந்தும், அவள் கைக்கு வந்து நின்றது எவ்வளவு? புகுந்த வீடு செலவழித்த நகையை, பிறந்த வீடு அவளுடைய பாகமாகக் கணக்கெழுதுவது எந்த தர்மத்திலும் சேர்ந்ததன்று. நகை கொடுக்காதீர்கள், பாகத்தைக் கொடுங்கள் என்பதே நான் சொல்வது. புறவழிச் சாலை வந்தபின் சென்ட் கணக்கில் விலைபோன நிலத்துக்கு ஈடாக இருபது பவுனைக் காட்டுவது கணக்கும் அன்று.

வயோதிகத்தில் பெற்றோரைக் காப்பவன் மகன்தானே என்பது அடுத்த வாதம். 1987-இலேயே உச்ச நீதிமன்றம், மணமான மகளும் வருமானம் உடையவளாயின் பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவளே என்று தீர்ப்பளித்துவிட்டது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகனையும் மகளையும் ஒரே வரியில் வைக்கிறது. கடமையைப் பாதியாகப் பிரித்த நாடு, பாகத்தைப் பாதியாகப் பிரிக்கத் தயங்கலாகாது. சட்டம் கிடக்கட்டும், மருத்துவமனைக் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் யார் என்று உங்கள் உங்கள் குடும்பங்களிலேயே எண்ணிப் பாருங்கள்.

சொத்து உண்மையாகவே ஒரு பெண்ணைக் காக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று. பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான பெண்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 100-க்கு 49 பேர் கணவனிடம் அடிபட்டவர்களாயிருந்தார்கள். இரண்டும் தம் பெயரில் உடையவர்களில் 100-க்கு 7 பேரே. குடும்ப வசதி, கல்வி முதலியவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபின்னும் இவ்வேற்றுமை நின்றது. இதன் காரணம் ஆழமானதன்று. அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்பது அடிக்கக் கையோங்குபவனுக்குத் தெரியும். அவள் போகவே வேண்டியதில்லை. போக முடியும் என்ற நிலை ஒன்றே அந்தக் கையைக் கீழிறக்குகிறது.

நம் சோழ மண்டலத்திலும் இதன் உண்மையைக் காணலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டபின் அப்பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும், 1981-இல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' தொடங்கி, மிராசுதாரர்களிடமிருந்து நிலத்தை விலைபேசி வாங்கி, தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்த தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பகிர்ந்தார்கள். அப்பட்டாக்களைப் பெண்கள் பெயரிலேயே எழுத வேண்டும் என்று அம்மையார் கொண்டிருந்த பிடிவாதத்தை, அவருக்கு வந்த மாற்று நோபல் பரிசினும் பத்ம பூஷண் விருதினும் பெரிதாக நான் போற்றுகிறேன். ஆண் பெயரில் எழுதிய நிலம் கள்ளுக்கும் கடனுக்கும் போவதுண்டு. பெண் பெயரில் எழுதிய நிலம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும் என்பதை அவர் கிராமத்திலிருந்தே அறிந்தவர். நில உச்சவரம்பு பேசிய பெரிய இயக்கங்கள் பலவும் குடும்பத் தலைவன் பெயருக்கு மேல் யோசிக்காத காலத்தில் அவர் இதைச் செய்தார்.

பெயர் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே, ஒல்லாந்தர் காலத்தில் 1706-இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக அவள் பெயரிலேயே எழுதிக் கொடுக்கும் நல்ல வழக்கம் உண்டு. அவ்வகையில் அவர்கள் நமக்கு முன்னோடிகள். ஆனால் மணமானவள் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. போரிலே கணவன் காணாமற்போன பெண்கள், தம் தாய் கொடுத்த காணியையே விற்பதற்கு, இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் சம்மதத்தைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. சோழர் காலத்து முதுகண் கடல்கடந்தும் வாழ்ந்தான்.

இங்கே தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள். வரவேற்கத்தக்கது. ஆனால் கட்டணத்துக்காக மனைவி பெயரில் வாங்கிய மனையின் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை அரசு கேட்க முடியாது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2009-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கு என் மனத்தை விட்டு நீங்குவதே இல்லை. மணமான மூன்றாம் மாதம் பாம்பு கடித்துக் கணவன் இறந்தான். புகுந்த வீட்டார் அப்பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பெற்றோர் வீட்டில் இருந்து படித்தாள், வேலைக்குச் சென்றாள், நாற்பதாண்டுக் காலம் அக்கணவன் வீட்டார் அவளை எட்டிப் பார்க்கவில்லை. வங்கிச் சேமிப்பும் சேமநல நிதியும் வைத்துவிட்டு, உயில் எழுதாமல் 1996-இல் அவள் இறந்தபோது, அவளைப் படிக்கவைத்த தாயும் அவளைத் துரத்திய வீட்டாரும் அந்தப் பணத்துக்கு எதிரெதிரே நின்றார்கள். பிள்ளையில்லாத இந்து விதவை உயிலின்றி இறந்தால், அவளே சம்பாதித்த சொத்தும் கணவன் வழி வாரிசுகளுக்குத்தான் முதலில் சேரும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுவதால், இரக்கத்துக்காகச் சட்டத்தை மாற்றிப் படிக்க இயலாதென்று கூறி, துரத்தியவர்களுக்கே நீதிமன்றம் அதைக் கொடுத்தது. ஆண் ஒருவன் அதே நிலையில் இறந்திருந்தால் அவன் சம்பாத்தியம் அவனைப் பெற்ற தாய்க்குப் போயிருக்கும். மாமியார் வீட்டை எவரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்ட ஆணையம் 2008-இலேயே திருத்தம் கேட்டு அறிக்கை அளித்த பிரிவு இது. இப்பிரிவு திருத்தப்படும் வரை, பெண்களின் சொத்துரிமை முற்றுப்பெற்றது என்று எவரும் சொல்லலாகாது என்பது என் துணிபு.

இந்த அவையில் தந்தையராக அமர்ந்திருப்போரை நான் வேண்டிக்கொள்வது: உங்கள் மகளுக்குரியதை உங்கள் காலத்திலேயே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் பின் அதைக் கேட்டுச் சகோதரனை இழக்கும் நிலைக்கு அவளைத் தள்ளாதீர்கள். சகோதரர்களே, உங்கள் தமக்கையையும் தங்கையையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அவர்கள் பாகத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, காதுகுத்துக்கும் சடங்குக்கும் முன்போலவே சென்று வாருங்கள். பத்திரம் எழுதும் தொழிலில் இருப்போரே, எழுதியதை அப்பெண்ணுக்கு அவள் காதுபட முழுமையாக ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

மாணவியரே, படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து நீங்கள் விலக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் தாயிடம் இன்றிரவே, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நாளை வேலைக்குச் சென்று உங்கள் பெயரில் ஏதேனும் சேருமானால், வயதாகட்டும் என்று காத்திராமல் ஓர் உயில் எழுதிவையுங்கள். அதற்கு முத்திரைத் தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஒரு வெள்ளைத் தாளும், உங்கள் கையொப்பமும், அதைக் கண்ணால் கண்டு கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் போதும்.